தட்டு, இழு, சுடு

அவளை அண்ணி என்று கூப்பிடும் உரிமை உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு, அவள் கணவனின் தங்கைக்கு. அந்தத் தங்கையோ இவள் வேலை பார்க்கும் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே துப்பாக்கி அறையின் கம்பி ஜன்னல் முன்னால் நின்றுகொண்டு, வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, “அண்ணி, என் பிஸ்டலக் குடுங்க” என்று கத்தித் தொலைத்தாள். அதோடு போச்சு. அதுவரை மேடம், மேடம் என்று மரியாதையாக வந்து நின்றவர்கள் மறுநாளே அண்ணிக்கு மாறிவிட்டார்கள். வேன் டிரைவர் அண்ணி என்றான். தரை துடைக்கும் அம்மாள், இவளைவிடப் பத்து வயது மூத்தவள், அவளும் அண்ணி என்றாள். ஒருநாள் மேனேஜரே வாய்தவறி, “அண்ணி, அந்தச் சாவி...” என்று ஆரம்பித்துவிட்டு, இல்லாத இருமலை இருமினார். எத்தனை பேருக்குத்தான் அண்ணியாக இருப்பது?

வேலை என்னவோ பெரிய வேலைதான். வங்கிப் பணத்தை வேனில் ஏற்றி இறக்கும் நிறுவனம் அது. வேனோடு போகிறவர்கள் இடுப்பில் வைத்திருக்கும் பிஸ்டல்கள் எல்லாம் இவள் பூட்டுக்குள் இருப்பவை. காலையில் எண் பார்த்துக் கொடுப்பாள், மாலையில் எண் பார்த்து வாங்குவாள். நடுவில் கழற்றுவாள், துடைப்பாள், தேய்ந்ததை மாற்றுவாள். அறையில் ஒரு நீள மேசை, அதன்மேல் பச்சை ரப்பர் விரிப்பு, பிஸ்டலை அசையாமல் கவ்விப் பிடிக்க ஒரு பிடிகருவி, பழைய பல் துலக்கும் பிரஷ்கள் ஒரு டம்ளர் நிறைய. கழற்றிய ஸ்பிரிங் உருண்டு ஓடிவிடாமல் இருக்க, ஓரம் உயர்ந்த சாப்பாட்டுத் தட்டு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தாள். அந்தத் தட்டு எங்கே என்று வீட்டில் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு முன்னால் அவள் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். அங்கேதான் இந்தப் புத்தி வளர்ந்தது. தையல் விட்டு விட்டு விழுகிறது என்றால், தைக்கிறவள் மெஷின்மேல் பழி போடுவாள், மேஸ்திரி தைக்கிறவள்மேல் போடுவார். இவள் இரண்டு பேரையும் நம்பமாட்டாள். ஊசியை மட்டும் மாற்றுவாள், தைத்துப் பார்ப்பாள். ஊசி பழையபடி, நூலை மட்டும் மாற்றுவாள். அப்புறம் ஆளை மாற்றி உட்காரவைப்பாள். “ஒரு தடவைக்கு ஒண்ணு. ரெண்டை ஒண்ணா மாத்தினா எது குத்தம்னு சாமிக்கே தெரியாது” என்பாள். ஊசி இருந்த இடத்தில் தோட்டா வந்தது. மற்றபடி பிழைப்பு அதேதான் என்று அவளுக்கு ஒரு தெனாவட்டு.

அந்தத் தெனாவட்டுக்குச் சோதனை வந்தது ஒரு திங்கட்கிழமை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் ரேஞ்சில் சுட்டுக் காட்டித் தேற வேண்டும். அதை நடத்துகிறவர் வாத்தியார். முன்னாள் ராணுவக்காரர், முறுக்கின மீசை, நல்ல மனுஷன்தான், ஆனால் தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் திரும்ப வாங்கத் தெரியாதவர். துப்பாக்கி நடுவில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று அவர் ஒரு பாடம் வைத்திருந்தார். தட்டு, இழு, சுடு. அடியில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை உள்ளங்கையால் ஒரு தட்டு. மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் ஒரு இழு. சிக்கினது வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே போகும், சுடு. யோசிக்கவே கூடாது. தூக்கத்தில் எழுப்பினாலும் கை தானாகச் செய்ய வேண்டும். அவர் பயிற்சி கொடுத்த ஆட்களுக்கு அப்படித்தான் செய்தது.

அந்தத் திங்கட்கிழமை நாத்தனாரின் பிஸ்டல் மூன்று முறை சிக்கியது. மூன்று முறையும் தட்டினாள், இழுத்தாள், சுட்டாள். ஆனால் நேரம் போய்விட்டது, தேறவில்லை. வாத்தியார் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“கை தளர்ச்சி. பிடி இறுக்கமா இல்லேன்னா பிஸ்டல் சரியா வேலை செய்யாது. வெள்ளிக்கிழமை இன்னொரு சான்ஸ். அதுலயும் இப்படின்னா, கேட்டுக்கு.”

கேட்டுக்கு என்றால் துப்பாக்கி இல்லாத வேலை. கம்பியைத் தூக்கு, கம்பியை இறக்கு. இதே கை தளர்ச்சி என்று ஏற்கெனவே ஒருவர் அங்கே போயிருந்தார். வேனில் பெரிய ஆளாக இருந்தவர். இரண்டு வருடமாகக் கேட்டில் உட்கார்ந்து, எந்நேரமும் ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருப்பார். அவரைத் தாண்டித்தான் எல்லோரும் தினமும் உள்ளே வந்தார்கள்.

நாத்தனார் அண்ணியின் வீட்டில்தான் இருந்தாள், மாடி அறையில். அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். துணி காயப்போடும் கொடியில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதில் ஆரம்பித்து, குக்கர் விசிலை யார் எண்ணுவது என்பதுவரை சண்டை. அண்ணியின் கணவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போய்விடுவார். அந்த வீட்டில் அவர் அளவுக்குச் சுத்தமான ஆள் கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி.

“என்ன அது?” என்றாள் அண்ணி.

“வெங்காயம் நறுக்கும்போது கத்தி பட்டுடுச்சு.”

“நீ என்னிக்கு வெங்காயம் நறுக்கினே?”

நாத்தனார் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

“அண்ணி, எனக்கு அந்த வேலை போயிடும்.”

“போனா என்ன, கேட்டுல உக்காந்து...”

“கேட்டுல உக்கார மாட்டேன். வேன் நின்னதும் நான்தான் முதல்ல இறங்குவேன். நான் நாலு பக்கமும் பார்த்துட்டுக் கையக் காட்டினாத்தான் பெட்டி இறங்கும். அந்த மனுஷன் வீட்டுல இருந்த வரைக்கும், உன் கையில குடுத்தா எதுவும் உருப்படாதுன்னுதான் கேட்டேன். டம்ளர் விழுந்தாலும் என் கை, பால் பொங்கினாலும் என் கை. அத விட்டுட்டு வந்து, இப்பத்தான் இந்தக் கைய நம்ப ஆரம்பிச்சேன். வாத்தியாரும் அதையே சொல்றாரு.”

அந்த மனுஷன் என்றது அவள் விட்டுவிட்டு வந்த கணவனை. அண்ணிக்கு இவளிடம் கரிசனமாகப் பேசிப் பழக்கம் இல்லை. அதனால் கோபமாகவே சொன்னாள்.

“அழுது வடியாதே. அது உன் கை இல்ல, மேகசின். எழுதி வெச்சுக்கோ. நாளைக்கு நான் கண்டுபிடிச்சுக் காட்டல, என் பேரை மாத்திக்கறேன்.”

மறுநாள் காலை இதையே துப்பாக்கி அறை வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னாள். வாயை அடக்கிவைப்பது அவள் குணத்தில் இல்லை.

அவள் கணக்கு இதுதான். பிஸ்டலுக்கு எண் உண்டு. தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்கு எண் கிடையாது. எல்லா மேகசினும் ஒரே தகர டப்பாவில் கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம். அதில் ஒன்று சோம்பேறி மேகசினாக இருந்தால்? இன்றைக்கு ஒருவனைக் கெடுக்கும், நாளைக்கு இன்னொருத்தியை. பிஸ்டலைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. யோசித்துப் பார்த்தபோது சுருக்கென்றது. அப்படி ஒரே டப்பாவில் போட்டு வைக்கும் ஏற்பாடு யாருடையது? இவளுடையதுதான்.

மாடி அறையிலிருந்து கேட்காமல் எடுத்துவந்த நகப்பூச்சால் ஒவ்வொரு மேகசினுக்கும் எண் போட்டாள். நாத்தனாரின் பிஸ்டலை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போய் ஒவ்வொன்றாகப் போட்டுத் தானே சுட்டாள். பிஸ்டல் அதே, தோட்டா அதே, கை அதே. மாறுவது மேகசின் மட்டும். பதினோராவது மேகசினில், எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று வெடிக்க வேண்டிய இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தாள். மேகசினில் தோட்டா இருக்கிறது, துப்பாக்கிக் குழாயில் இல்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் களைத்துப் போய், கடைசித் தோட்டாக்களை மேலே தள்ளத் தெம்பில்லாமல் கிடந்தது. திரும்பப் போட்டாள், திரும்பவும் டிக்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த மேகசினைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி வாத்தியாரின் மேசைக்கு நடந்தாள்.

“இந்தாங்க, உங்க கை தளர்ச்சி.”

வாத்தியார் டிக் சத்தத்தைத் தானும் கேட்டார், மீசையைத் தடவினார். “ஒத்துக்கறேன். இது குப்பைதான். இப்ப நல்ல மேகசின் ஒண்ணு போட்டு அவளைச் சுடச் சொல்லுங்க.”

“தாராளமா.”

நாத்தனார் வந்தாள், அண்ணி தன் கையால் தேர்ந்தெடுத்த மேகசினைப் போட்டாள், சுட்டாள். நாலாவது குண்டில் சிக்கியது. தட்டினாள், இழுத்தாள், சுட்டாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை. 

அண்ணிக்கு நன்றாக மூக்கு உடைந்தது. அன்றைக்குக் கம்பி ஜன்னலில் பிஸ்டலைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும், “அண்ணி, புதுப் பேரு என்ன?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் தன்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை சின்ன நம்பிக்கை இல்லை. அதை ஒரு நாள் கேலி கரைத்துவிட முடியாது. விரிப்பின்மேல் பிஸ்டலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சுட்டால் ஓடுகிறது, அவள் சுட்டால் சிக்குகிறது. அப்படியென்றால் இது ஆள் சம்பந்தப்பட்டதுதான். சரி, ஆள் என்றால் ஆளில் எது? நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

“சிக்கும்போது எப்படிச் சிக்குது? டிக்னு சத்தமா? தோட்டா பாதி உள்ளே, பாதி வெளியேவா?”

“தெரியாதுங்க அண்ணி.”

“உன் மூஞ்சிக்கு நேராத்தானே நடக்குது?”

“சிக்கினதும் தட்டிடறேன், இழுத்துடறேன். அது பறந்து போயிடுது.”

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அட கடவுளே! இத்தனை வருடமாக இந்த ரேஞ்சில் எத்தனையோ பிஸ்டல் சிக்கியிருக்கிறது. ஒன்றைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. என்ன சிக்கியது என்று தெரிவதற்குள் எல்லோர் கையும் அதைத் தட்டி எறிந்துவிடுகிறது. வலி எங்கே என்று டாக்டர் கேட்பதற்கு முன்னால் நோயாளி எழுந்து ஓடிவிட்டால் வைத்தியம் எப்படி நடக்கும்? தெருவில் உயிரைக் காப்பாற்றும் பாடம் அது, சந்தேகமே இல்லை. ஆனால் வியாதியைக் கண்டுபிடிக்க அதுவே தடை.

வியாழக்கிழமை காலை, வேன்கள் கிளம்பின பிறகு, ரேஞ்சில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

“இன்னிக்கு ஒரே ஒரு விஷயம். சிக்கினா தொடக் கூடாது. பிஸ்டல் இலக்கைப் பார்த்தபடி அப்படியே நில்லு. விரலக்கூட அசைக்காதே. நான் வந்து பார்க்கணும்.”

“சரிங்க அண்ணி.”

சுட்டாள். சிக்கியது. தட்டினாள், இழுத்தாள், சுட்டாள்.

“ஏய்!”

“சாரி அண்ணி, கை தானாப் போகுது.”

மறுபடி. மறுபடியும் கை தானாகப் போனது. “கையக் கட்டிப்போட்டாத்தான் உனக்குப் புரியுமா? நான் மனுஷியா, மரக்கட்டையா? தொடாதேன்னா தொடாதே!” என்று அண்ணி போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த புறாக்கள் கிளம்பிப் போயின.

மூன்றாவது முறை, நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தோள் துடித்தது, உள்ளங்கை துடித்தது, ஆனால் தொடவில்லை. அண்ணி பின்னாலிருந்து வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே பறந்திருக்க வேண்டும். பறக்கவில்லை. ஸ்லைடு மூடும்போது நடுவில் மாட்டிக்கொண்டு, பல்லிடுக்கில் குச்சி மாதிரி நிமிர்ந்து நின்றது. டிக் இல்லை, மேகசின் இல்லை, இது முற்றிலும் வேறு. ஸ்லைடு முழு வேகத்தில் பின்னால் போகவில்லை. ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கிறது. எது?

கண் கொஞ்சம் இறங்கியது. நாத்தனார் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். இடது கட்டைவிரல் மேலே ஏறி, ஸ்லைடின் பக்கவாட்டில் அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்திரி போட்ட அதே விரல்.

பிஸ்டலை வாங்கிக் காலிசெய்து மேசைமேல் வைத்தாள். அப்புறம் கேட்காமல் கொள்ளாமல் அந்தப் பிளாஸ்திரியைப் பிய்த்தாள்.

“ஆ! அண்ணி!”

கட்டைவிரல் மூட்டுக்குப் பக்கத்தில், தோல் உரிந்து நேராக ஒரு கோடு. கத்தி அப்படி வெட்டாது. ஸ்லைடின் ஓரத்தில் இருக்கும் வரிகள் அங்கே உரசி உரசி எடுத்த கோடு அது.

“வெங்காயமா நறுக்கினே?”

நாத்தனார் தலையைக் குனிந்தாள். “சொன்னா கை சரியில்லேன்னு இன்னும் பேசுவாங்கன்னு...”

“உன் கைதான்டி.”

நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. “நீங்களும் அதையே சொல்றீங்களா?”

“முழுசாக் கேளு முதல்ல. தளர்ச்சின்னா சொன்னேன்? ஓடற ஸ்லைடை ஒரு விரலால நிறுத்தற. எருமை பலம் உனக்கு. யாரு உன்னை விரலை அங்க வைக்கச் சொன்னது?”

“வாத்தியார்தான், போன மாசம். பயிற்சியில ஒரு தடவை டிக்னு நின்னுது. கை தளர்ச்சி, இறுக்கிப் பிடி, கட்டைவிரலையும் சேர்த்து அழுத்துன்னார். அழுத்தினேன். அப்பறம்தான் அடிக்கடி சிக்க ஆரம்பிச்சுது. இன்னும் இறுக்குன்னார். இன்னும் இறுக்கினேன்.”

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். முதல் டிக் சோம்பேறி மேகசினுடையது. அதற்கு வாத்தியார் மருந்து கொடுத்தார். அதற்கப்புறம் வந்ததெல்லாம் அந்த மருந்தால் வந்த வியாதி. இரண்டு குற்றம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்ததால், ஒன்றைச் சரிசெய்தும் மற்றது அவள் மூக்கை உடைத்தது.

“விரலைக் கீழே இறக்கு. பிடி இறுக்கமா இருக்கட்டும். விரல் மட்டும் ஸ்லைடத் தொடக் கூடாது” என்றாள். நாத்தனார் சுட்டாள். காலிக்கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து சிமெண்டுத் தரையில் கலகலவென்று விழுந்தன. மேகசின் காலியாகும்வரை ஒன்றுகூடச் சிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை வாத்தியார் வந்ததும், அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கட்டைவிரல் பட்டா நிக்கிற அளவுக்கா ஸ்லைடு இருக்கு? நான் எத்தனை பேருக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன்!” என்றார்.

“நீங்களே சுடுங்க வாத்தியாரே. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே விரலை வெச்சு அழுத்துங்க.”

மனுஷன் மறுக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். எடுத்தார், இறுக்கினார், விரலை ஏற்றி அழுத்தினார், சுட்டார். மூன்றாவது குண்டில் சிக்கியது. தட்டுவதற்கு அவர் கை எழும்பியது.

“தொடாதீங்க!” என்றாள் அண்ணி.

கை நின்றது. குனிந்து பார்த்தார். காலிக்கூடு நிமிர்ந்து நின்று அவரையே பார்த்தது. தாம் எத்தனையோ ஆயிரம் முறை தட்டி எறிந்ததை முதல்முறையாகப் பார்த்தார் போலிருக்கிறது.

“உங்களுக்கும் கை தளர்ச்சியா வாத்தியாரே?”

அவர் பிஸ்டலைக் காலிசெய்து வைத்தார். அப்புறம் நாத்தனாரைப் பார்த்து, “நில்லும்மா லைன்ல. விரலைக் கீழே வெச்சுக்கோ” என்றார். அவள் தேறினாள். சும்மா தேறவில்லை, அந்த வருடத்திலேயே அதிக மதிப்பெண். வாத்தியார் மீசையைத் தடவிக்கொண்டு அண்ணியின் பக்கத்தில் வந்து நின்று, மெதுவான குரலில், “கேட்டுல இருக்கறவரு...” என்று ஆரம்பித்தார்.

“நான் பார்த்துக்கறேன்” என்றாள் அண்ணி.

சாயங்காலம் ஸ்கூட்டரில் அண்ணி முன்னால், நாத்தனார் பின்னால். பின்னால் உட்கார்ந்திருந்தவள், தன் நகப்பூச்சு என்ன ஆனது என்ற விசாரணையை ஆரம்பித்திருந்தாள். கேட்டில் கம்பி இறங்கியிருந்தது. கேட்டுக்காரர் பந்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கம்பியைத் தூக்க வந்தார். அண்ணி வண்டியை நிறுத்தினாள்.

“அண்ணே, அந்தக் கையக் காட்டுங்க.”

“என்ன அண்ணி, ஜோசியமா?”

“காட்டுங்கண்ணே.”

பந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இடது கையை நீட்டினார். கட்டைவிரல் மூட்டுக்குப் பக்கத்தில், ஆறிப்போய் வெள்ளையாக, நேராக ஒரு கோடு. நாத்தனார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள்.

“இது எப்ப வந்தது?”

“அதுவா? வேன்ல இருந்தப்ப. கை தளர்ச்சி வந்துதே, அந்தச் சமயம்.” சளி பிடித்த மாதிரி, காய்ச்சல் வந்த மாதிரி சாதாரணமாகச் சொன்னார். “இந்தப் பந்தை அமுக்கினா சரியாகும்னாங்க. ரெண்டு வருஷமா அமுக்கறேன். இப்பக் கொஞ்சம் பலம் வந்த மாதிரித்தான் இருக்கு.”

அண்ணியின் அந்த ஒரே டப்பாவும், வாத்தியார் நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு தப்பான வார்த்தையும் சேர்ந்து ஒரு மனுஷனை இரண்டு வருடம் இங்கே உட்காரவைத்திருந்தன. அவர் வயிறெரியக்கூட இல்லையே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து அந்தப் பந்தை அவளே எடுத்தாள்.

“உங்க கைக்கு ஒண்ணுமே ஆகலண்ணே. என்னிக்குமே ஆகல. நாளைக்குக் காலைல ரேஞ்சுக்கு வாங்க. வாத்தியார் உங்களுக்காக நிப்பாரு, நானும் நிப்பேன்.”

அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார், திருப்பித் திருப்பி, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது. அவர் காதில் விழவில்லை. நாத்தனார்தான் இறங்கிப் போய்க் கம்பியைத் தூக்கினாள்.